ஆஃப்ரோடு வண்டியின் முன் ஆக்சில்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

சாலிட் ஆக்சில் உசத்தியா, தனித்தனி முன் சஸ்பென்ஷன் உசத்தியா என்ற சண்டை ஓயாது. ஆனால் வண்டியில் ஏதோ ஒரு சத்தமோ ஆட்டமோ வந்துவிட்டால் அந்தச் சண்டையால் பயனில்லை. அப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த அறிகுறி, இந்த வகை முன்பக்கத்தில், எதனால் வருகிறது? ஒரே அறிகுறிக்கு இரண்டு வகையிலும் காரணம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் பாகம் மாற்ற ஆரம்பித்தால் பணம் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

முதலில் உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாயாக ஓடி, நடுவிலோ சற்றுத் தள்ளியோ டிஃப்ரன்ஷியல் (எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) உருண்டையாகத் தொங்கினால் அது சாலிட் ஆக்சில். டிஃப்ரன்ஷியல் சேசிஸோடு போல்ட் போடப்பட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் ரப்பர் பூட் போட்ட மெல்லிய ஷாஃப்ட் போனால் அது ஐ.எஃப்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தனித்தனி சஸ்பென்ஷன்.

வண்டியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மாருதி ஜிப்சி முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் மேல் நிற்கும் சாலிட் ஆக்சில். 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னி காயில் ஸ்பிரிங் போட்ட சாலிட் ஆக்சில். 2020-ல் வந்த மஹிந்திரா தார் முன்னால் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அதற்கு முந்தைய தாரில் சி.ஆர்.டி.இ. எஞ்சின் வண்டிக்கு டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) போட்ட தனித்தனி சஸ்பென்ஷன், டி.ஐ. வண்டிக்கு லீஃப் போட்ட சாலிட் ஆக்சில். 2021 ஃபோர்ஸ் கூர்க்காவும் முன்னால் தனித்தனிதான். வெளிநாட்டிலும் இதே கதைதான். லேண்ட் குரூசரில் 80 சீரிஸ் சாலிட், 1998-ல் வந்த 100 சீரிஸ் தனித்தனி, 70 சீரிஸ் இன்றும் சாலிட். மெர்சிடீஸ் ஜி கிளாஸ் 2018-ல் தனித்தனிக்கு மாறியது. ஜீப் ராங்லர் சாலிட்டிலிருந்து மாறவே இல்லை.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடுகிறது

60, 70 கி.மீ. வேகத்தில் போகும்போது பாலத்தின் இணைப்பு மேலோ சின்னப் பள்ளத்திலோ ஒரு சக்கரம் தட்டுகிறது. அடுத்த நொடி முன் இரண்டு சக்கரமும் இடம் வலமாக உதற, ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியவில்லை. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு டெத் வாபிள் என்று பெயர். இது கிட்டத்தட்ட முழுக்க சாலிட் ஆக்சில் வண்டிகளின் வியாதி. இரண்டு சக்கரமும் ஒரே குழாயில் கட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் உதறல் மற்றொன்றுக்குப் போய்த் திரும்பி வருகிறது. இணைப்புகளில் எங்காவது தளர்வு இருந்தால் அந்த உதறல் அடங்காமல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

ஓடும்போது இது வந்தால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். கட்டை விரலை ஸ்டீயரிங் கம்பிக்கு வெளியே வைத்து, ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கை மெதுவாகவும் சீராகவும் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

அப்புறம் பெரும்பாலோர் செய்வது ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றுவது. புது டேம்பர் போட்டதும் ஆட்டம் நின்றுவிடும், சில மாதத்தில் திரும்ப வரும். டேம்பர் ஆட்டத்தை மறைக்கிறதே தவிர ஆட்டத்துக்குக் காரணம் அது அல்ல. தளர்ந்த இணைப்பைத் தேடாமல் டேம்பர் மட்டும் போடுவது ஆபத்தான வேலை என்றே நினைக்கிறேன். உள்ளே தேய்மானம் வளர்ந்துகொண்டே போகும், வண்டி மட்டும் நன்றாக ஓடுவதுபோல் தெரியும்.

தேட வேண்டிய வரிசை இது. முதலில் டயர். நான்கிலும் காற்று சரிபார்த்து, முன் இரண்டையும் பேலன்ஸ் செய்யுங்கள். பெரிய மட் டயர் போட்டபின் ஆட்டம் ஆரம்பித்திருந்தால் பழைய டயரை முன்னால் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் குறைந்தால் தூண்டுதல் டயரிலிருந்து வருகிறது என்று தெரியும். ஆனால் இணைப்பில் தளர்வு இருக்கிறதா என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கிறது.

அடுத்து, இரண்டு பேர் வேண்டும். வண்டி தரையில், நான்கு சக்கரமும் எடையோடு நிற்கட்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கைச் சின்ன அளவில், வேகமாக, இடம் வலமாக அசைக்க வேண்டும். மற்றவர் சக்கரங்களுக்கு எட்டாமல் முன்னாலிருந்து குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸ், அதிலிருந்து சக்கரப் பக்கம் போகும் டிராக் லிங்க், இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட்டின் முனைகள், பனார்ட் ராட்.

காயில் ஸ்பிரிங் வண்டியில் இந்த பனார்ட் ராட்டைத்தான் நான் முதல் சந்தேகத்தில் வைப்பேன். ஒரு முனை சேசிஸில், மறு முனை ஆக்சிலில் இருக்கும் இந்த ஒற்றைக் கம்பிதான் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்டீயரிங் அசையும்போது போல்ட்டின் தலையைப் பாருங்கள். பிராக்கெட்டை விட்டுத் தனியாக ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது கோளாறுதான். போல்ட்டைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்து பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தாலோ, செம்மண் நிறத்தில் துருப்பொடி கசிந்திருந்தாலோ உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசுகிறது என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றி ஓட்டையைப் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அப்படி இருந்தால் புது புஷ் (இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் உறை) மட்டும் போட்டுப் பயனில்லை. பிராக்கெட்டில் புது வாஷர் தகடு வெல்டிங் வைத்து, ஓட்டையைச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். போல்ட்டை இறுதியாக முறுக்குவது வண்டி தரையில் நிற்கும்போதுதான். தூக்கி வைத்து முறுக்கினால் இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும்.

ஜிப்சி, ஜிம்னி வைத்திருப்பவர்கள் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவிக்கு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் கோளாறு வீல் பேரிங்கில். மிதித்தும் ஆடினால் கிங் பின்னில், அதற்குப் பதிலாகப் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) வைத்த ஆக்சில் என்றால் அந்த ஜாயிண்டில். கிங் பின்னுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். அவற்றை எடுத்தால் பேரிங் இறுகும், சேர்த்தால் தளரும். டை ராட்டைக் கழற்றிவிட்டு, நக்கிளை (சக்கரத்தைத் தாங்கி, அதோடு திரும்பும் பாகம்) ஸ்பிரிங் தராசால் இழுத்து, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன எடைக்குள் அசைகிறதா என்று பார்த்துத்தான் ஷிம் வைக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து மதிப்புப் போடும் இடம் இது இல்லை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய லீஃப் ஸ்பிரிங் ஜீப்புகள் மாதிரி நடை வேகத்திலேயே உருளும் வண்டிகளில் இந்தத் தளர்வு இருந்தாலும் வெளியே தெரியாது. அதே வண்டி மலை இறங்கித் தேனி ரோட்டில் வேகம் பிடிக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். மலையிலேயே ஓடும் வண்டியை வாங்குபவர்கள் நல்ல தார்ச் சாலையில் 80 வரை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

தனித்தனி சஸ்பென்ஷன் வண்டியில் ஸ்டீயரிங் அதிர்ந்தால் அது வேறு கதை. அது பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஆரம்பித்து, வேகம் கூடினால் தானே அடங்கும் மெல்லிய அதிர்வு. டயர் பேலன்ஸ், வளைந்த ரிம், இரண்டுக்கும் அடுத்தபடியாகத்தான் மற்றவை.

உயர்த்திய பிறகு வண்டி நேராகப் போகவில்லை

லிஃப்ட் கிட் போட்டதும் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது, வளைவு முடிந்தபின் தானாக நேருக்கு வரவில்லை, நெடுஞ்சாலையில் அலைகிறது என்றால் சாலிட் ஆக்சில் வண்டியில் காரணம் காஸ்டர் கோணம், அதாவது பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. ஆக்சிலைப் பிடித்திருக்கும் நீளக் கைகள் கீழே இறங்கும்போது ஆக்சிலையும் சேர்த்துச் சுழற்றிவிடுகின்றன. கணக்கு எளிது. கை 1 மீட்டர் நீளம் என்றால் 50 மி.மீ. உயர்த்தியதும் ஏறக்குறைய 3 டிகிரி போய்விடும். கை குட்டையாக இருந்தால் இன்னும் அதிகம். மொத்தக் காஸ்டரே சில டிகிரிதான் என்பதால் இது பெரிய இழப்பு. இதற்கு ஓட்டை தள்ளி வைத்த காஸ்டர் புஷ் அல்லது திருத்திய கைகள் போட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். காஸ்டரை மீட்க ஆக்சிலைத் திருப்பினால் டிஃப்ரன்ஷியலின் மூக்கு கீழே பார்க்கும். டிஃப்ரன்ஷியலுக்கு விசை கொண்டுவரும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யு ஜாயிண்ட் (சிலுவை வடிவ மூட்டு) கோணம் கெட்டு, ஃபோர் வீலில் போட்டதும் அதிர்வு வரும். அதனால்தான் சாலிட் ஆக்சிலில் 50 மி.மீ.க்கு மேல் உயர்த்துவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதற்கு மேல் போனால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும், முடிவே இருக்காது.

ஸ்டீயரிங் நேராக இல்லாமல் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறதா? உயர்த்தியதில் பனார்ட் ராட்டின் சாய்வு மாறி, ஆக்சில் மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். ஃபெண்டரிலிருந்து நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் டயருக்கு எவ்வளவு இடைவெளி என்று அளந்தால் தெரிந்துவிடும். நீளம் மாற்றக்கூடிய பனார்ட் ராட் இதைச் சரிசெய்யும். அப்போது டிராக் லிங்க்கும் பனார்ட் ராட்டும் முன்னாலிருந்து பார்த்தால் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சாய்வு வேறாக இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் சென்டர் போல்ட்டைச் சந்தேகப்படுங்கள். அது முறிந்தால் ஆக்சில் ஒரு பக்கம் மட்டும் பின்னால் நகரும். இடது பக்கம் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை டேப் வைத்து அளந்து, வலது பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள்.

தனித்தனி சஸ்பென்ஷனில் உயர்த்தினால் கெடுவது முக்கியமாக கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே சாயும் அளவு) டோவும் (மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு). வீல் அலைன்மென்ட் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். அலைன்மென்ட் கடையில் போல்ட் கடைசி வரை திருப்பியும் அளவு வரவில்லை என்று சொன்னால், நீங்கள் அளவுக்கு மேல் உயர்த்திவிட்டீர்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கையை மாற்றுங்கள், இல்லை என்றால் உயரத்தைக் குறையுங்கள்.

டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது

உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, இரண்டு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம்போல் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ கோளாறு. சொரசொரப்பு இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாக இருந்தால் கேம்பர்.

தனித்தனி சஸ்பென்ஷனில் கேம்பர் மாற எத்தனையோ வழி இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்து வண்டி இறங்கியிருக்கலாம், கையின் புஷ் போயிருக்கலாம், பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். பால் ஜாயிண்டைச் சோதிக்கும்போது ஜாக்கியைக் கீழ்க் கைக்கு அடியில் வையுங்கள். சேசிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் கையைக் கீழே அழுத்தி ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த ஜாயிண்ட்கூட நல்லதுபோல் காட்டும்.

சாலிட் ஆக்சிலில் கேம்பர் என்பது தொழிற்சாலையில் வெல்டிங்கோடு முடிந்துபோன விஷயம். அது மாறியிருந்தால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் ஆக்சில் குழாயே வளைந்திருக்க வேண்டும். தாவிக் குதித்த வண்டி என்றால் இரண்டாவதையே முதலில் பாருங்கள். டோ மாறியிருந்தால் பாறையில் பட்டு டை ராட் வளைந்திருக்கும். தரையில் படுத்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தாலே தெரியும்.

திருப்பும்போது டக் டக் என்று சத்தம்

தனித்தனி சஸ்பென்ஷன் வண்டியில் இது சி.வி. ஜாயிண்ட், அதாவது வளைந்த நிலையிலும் ஷாஃப்ட் சீராகச் சுழல விடும் மூட்டு. பூட் கிழிந்திருக்கும், ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் வருமுன்னே கிழிசலைப் பார்த்துவிட்டால் பூட் மாற்றி, கழுவி, புது கிரீஸ் வைத்துத் தப்பிக்கலாம். சத்தம் வந்தபிறகு ஜாயிண்டையே மாற்ற வேண்டும். உயர்த்திய வண்டியில் ஷாஃப்ட் எப்போதும் செங்குத்தான கோணத்தில் ஓடுவதால் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி அடிக்கடி கிழியும். டிஃப்ரன்ஷியலைக் கொஞ்சம் கீழே இறக்கும் பிராக்கெட் இதைக் குறைக்கும்.

ஜிப்சி, ஜிம்னி, பழைய லேண்ட் குரூசர் போன்ற சாலிட் ஆக்சில்களில் அதே வகை ஜாயிண்ட் நக்கிள் உருண்டைக்குள் மறைந்திருக்கிறது. வெளியே எதுவும் தெரியாது. மண் தரையில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். தேய்ந்த ஜாயிண்ட் அப்போது பேசும். தார் ரோட்டில் இதைச் செய்ய வேண்டாம், முறுக்கம் ஏறி நல்ல பாகமும் உடையும். 80 சீரிஸ்காரர்கள் தேய்ந்த ஜாயிண்டை இடம் வலம் மாற்றிப் போட்டு, தேயாத பக்கத்தில் சுமை விழும்படி செய்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவார்கள். நல்ல வழிதான். ராங்லர் மாதிரி வெளியே யு ஜாயிண்ட் தெரியும் ஆக்சிலில் கீச்சென்ற சத்தமும், திருப்பும்போது ஸ்டீயரிங்கில் விட்டு விட்டு ஒரு இழுப்பும் வந்தால் யு ஜாயிண்ட் சிலுவையின் பேரிங் கப் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டது.

எது சுலபமாக உடையும் என்று கேட்டால், பெரிய டயர் போட்டு, சக்கரம் முழுக்க ஒடிந்த நிலையில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டும் உடையும். தனித்தனி வண்டியில் சக்கரம் தொங்கும் கோணமும் சேர்ந்துகொள்வதால் அது முந்தும்.

டார்ஷன் பாரை முறுக்கினேன், முன்பக்கம் கல்லாகிவிட்டது

பழைய தாரில் செலவில்லாமல் உயரம் கூட்டும் வழி இது. பாரை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று நினைப்பார்கள். பாரின் கடினம் மாறுவதில்லை. மாறுவது சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம். மேல் கை ஏற்கெனவே கீழ் நிறுத்தியைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டதால், வேகத்தடை தாண்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் டமார் என்று இடிக்கிறது. வண்டி தரையில் நிற்கும்போது மேல் கைக்கும் நிறுத்தி ரப்பருக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரிய வேண்டும். இல்லை என்றால் போல்ட்டைத் தளர்த்துங்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து சமமாக்குங்கள். போல்ட்டின் சுற்று எண்ணிக்கையை நம்பக் கூடாது. முடித்ததும் அலைன்மென்ட் கட்டாயம்.

ஒரு சக்கரம் காற்றில் சுற்றுகிறது, வண்டி ஏறவில்லை

இது கோளாறு இல்லை, தனித்தனி சஸ்பென்ஷனின் குணம். சாலிட் ஆக்சிலில் ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது ஆக்சில் சாய்ந்து மற்றச் சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. தனித்தனியில் அந்த உதவி கிடையாது, கை போகும் தூரம் வரைதான் சக்கரம் இறங்கும். பூட்டாத டிஃப்ரன்ஷியல் என்றால் காற்றில் இருக்கும் சக்கரமே சுற்றும்.

2020-ல் வந்த தாரில் முன்னால் பிரேக் பிடித்துச் சுழலும் சக்கரத்தை நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறது. சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து ஆக்சிலேட்டரை விடுகிறவர்களுக்கு அது வேலை செய்யாது. மிதமாக, ஒரே சீராக மிதித்துப் பிடித்திருந்தால் ஒரு கணம் கழித்து பிரேக் கடிக்கும், மற்றச் சக்கரத்துக்கு விசை போகும். கூர்க்காவில் முன்னும் பின்னும் டிஃப்ரன்ஷியலுக்குப் பூட்டு இருப்பதால் சக்கரம் தூக்குவது பெரிய தடையாகாது. முன் பூட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். சாலிட் ஆக்சில் வண்டியிலும் சக்கரம் தூக்கினால் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள், நிறையவே மாறும். ரோட்டுக்குத் திரும்புமுன் மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

இதற்காகத் தனித்தனி வண்டியில் சாலிட் ஆக்சில் மாற்றிப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் அது பெரிய கலை. இங்கே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

அடியில் இடிக்கிறது

எங்கே இடிபட்டிருக்கிறது என்று கீறலைப் பாருங்கள். சாலிட் ஆக்சிலில் டிஃப்ரன்ஷியல் உருண்டையில்தான் இருக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த உருண்டை உயராது, டயர் விட்டம் கூடினால்தான் அதில் பாதி உயரும். ஆனால் அந்த இடைவெளி எந்த நிலையிலும் மாறாது என்பதால் எந்தக் கல்லைத் தாண்டலாம் என்று ஓட்டுநருக்குக் கணக்குத் தெரியும். தனித்தனியில் நிற்கும்போது இடைவெளி அதிகம். இறக்கத்தில் பிரேக் பிடித்து முன்பக்கம் அமுங்கும்போது வயிறு மொத்தமும் இறங்கிவிடும். மேலே நின்று பார்த்தபோது தாண்டும் என்று தோன்றிய கல், கிராஸ் மெம்பரில் இடிக்கும். அடித்தகடு போடுங்கள், இறக்கத்தில் லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள்.

நக்கிளில் எண்ணெய் வழிகிறது, அல்லது தண்ணீர் புகுந்துவிட்டது

நக்கிள் உருண்டைமேல் மெல்லிய கிரீஸ் படலம் இருப்பது இயல்பு. அது நீர்த்து, கியர் ஆயில் வாசனையோடு வழிந்தால் உள்ளே ஆக்சில் சீல் போய், டிஃப்ரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கழுவிக்கொண்டிருக்கிறது. வெளி சீலை மாற்றினால் வழிவது நிற்கும், ஜாயிண்ட் காய்ந்து சாகும். உள் சீலையே மாற்றுங்கள், டிஃப்ரன்ஷியலில் ஆயில் அளவையும் பாருங்கள்.

ஆறு, ஓடை தாண்டிய பிறகு இரண்டு வகை வண்டியிலும் டிஃப்ரன்ஷியலின் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அன்றே மாற்ற வேண்டும். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கிறது. பிரீதர் (ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சின்னக் குழாய்) அடைத்திருந்தால் இது இன்னும் மோசம். பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போக வேண்டும். அதில் ஒரு ஃப்யூவல் ஹோஸை மாட்டி எஞ்சின் அறையின் மேல் பகுதி வரை கொண்டுபோய், கிளிப் போட்டு, முனை கீழே பார்க்கும்படி கட்டிவிடுங்கள். சாலிட் ஆக்சிலில் அந்த ஹோஸ் ஆக்சிலோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டு வெட்டுங்கள்.